பத்துக்குப் பதினைந்து: வடிவொத்த செவ்வகங்களும் மான்குர்த்தின் அறைகளும்

மும்பை ஹார்பர் லைனில், கழிமுகப் பாலத்தைக் கடந்து வாஷிக்குப் போகும் முன் ரயில் நிற்கும் கடைசி ஸ்டேஷன் மான்குர்த். இதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஒரு குடும்பம் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், சீக்கிரமே இரண்டு எண்கள் வந்துவிடும்: அகலம், நீளம். பக்கத்துச் சிவாஜி நகரில் 1970களில் மாநகராட்சி பிரித்துக் கொடுத்த மனை 10க்கு 15 அடி. 1976இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி அகற்றப்பட்டது. தமிழர்கள் நிறைந்த அந்தக் காலனியின் குடும்பங்கள் சீத்தா கேம்ப்புக்குப் போனபோது கிடைத்ததும் 10க்கு 15தான். ரயில் பாதையோரத்திலிருந்து எடுக்கப்பட்டு லல்லுபாய் காம்பவுண்டின் அடுக்குமாடிகளுக்கு வந்தவர்களுக்கு 225 சதுர அடி. அறையைக் கோலி என்றும் பரணை மாளா என்றும் சொல்லும் இந்த ஊரில், செவ்வகக் கணக்கு தெரியாமல் யாரும் வீடு வாங்குவதில்லை, விற்பதில்லை, பிரிப்பதில்லை.

பள்ளியிலும் செவ்வகம் வருகிறது. 'இரண்டு செவ்வகங்கள் வடிவொத்தவை, ஒன்றின் பக்கங்கள் 10, 15, மற்றதன் அகலம் 24, நீளம் என்ன?' விகிதசமமாக எழுதி, குறுக்குப் பெருக்கி, 36 என்று விடை எழுதினால் முழு மதிப்பெண். இந்தச் சின்னக் கணக்கைச் சுற்றி உலகம் முழுவதும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி கண்டதையும், நம் மரபில் இதற்கு இருந்த வழிகளையும், மான்குர்த்தின் அறைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிகிறது. விடுபட்ட பக்கத்தைக் கண்டுபிடிப்பது இந்தப் பாடத்தின் சிறிய பகுதி. இரண்டு செவ்வகங்களும் வடிவொத்தவையா என்று தீர்மானிப்பதுதான் பெரிய பகுதி. அதைத்தான் வினாத்தாள் தானே சொல்லிவிடுகிறது. பிள்ளைகளை யோசிக்க விடுவதில்லை.

முக்கோணத்தில் கோணங்கள் சமமானால் போதும், வடிவம் ஒத்துவிடும். செவ்வகத்தில் கோணங்கள் எந்த உதவியும் செய்வதில்லை. எல்லாச் செவ்வகத்துக்கும் நான்கு மூலையும் 90 பாகைதான். சதுரத்துக்கும் அப்படித்தான், சந்துபோல் நீண்ட அறைக்கும் அப்படித்தான். ஆகவே பக்கங்களின் விகிதம் ஒன்றே வடிவத்தை முடிவு செய்கிறது. 10க்கு 15 என்றால் விகிதம் ஒன்றரை. 12க்கு 18, 20க்கு 30, 24க்கு 36 எல்லாம் அதே வடிவம்.

தெரியாத நீளத்துக்கு இரண்டு வழிகளில் போகலாம். ஒரே செவ்வகத்துக்குள் பார்ப்பது ஒன்று: நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு, எனவே 24இன் ஒன்றரை மடங்கு 36. ஒரு செவ்வகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது மற்றொன்று: அகலம் 10இலிருந்து 24 ஆனது, அதாவது 2.4 மடங்கு; எனவே 15இன் 2.4 மடங்கு 36. விடை ஒன்றுதான் என்றாலும் மனம் செய்யும் வேலை வேறு. முதல் வழி வடிவத்தைப் பிடிக்கிறது, இரண்டாவது பெருக்கத்தைப் பிடிக்கிறது. குறுக்குப் பெருக்கல் இரண்டையும் மறைத்துவிட்டு, 15ஐயும் 24ஐயும் பெருக்கி 10ஆல் வகுக்கச் சொல்கிறது. அந்த 360 எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்களால் சொல்ல முடியாது. குறுக்குப் பெருக்கலைக் கற்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு வழிகளும் கைவந்த பிறகு அது வரட்டும்.

தெரிந்த மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் இந்த விதிக்கு இந்தியக் கணிதத்தில் நீண்ட வரலாறு உண்டு. 499இல் ஆரியபட்டர் திரைராசிகத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பிரமாணம், பலம், இச்சை என்ற மூன்று (நம் கணக்கில் 10, 15, 24) தெரிந்தால் நான்காவது கிடைக்கும். 1150இல் பாஸ்கரர் லீலாவதியில் அதை விரித்தார். தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் என்று அளவைகளின் கணக்கைச் சொல்கிறது. பாஸ்கரர் நேர் திரைராசிகத்தோடு நிற்காமல் வியஸ்த திரைராசிகத்தையும் தனியாகக் கொடுத்திருப்பது என் வாதத்துக்கு முக்கியம். ஒன்று கூடினால் மற்றது குறையும் இடத்தில் முதல் விதியைப் போடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. விதியோடு சேர்த்து, அது எங்கே பொருந்தும் என்பதையும் அவர்கள் கற்பித்தார்கள்.

இன்னும் பழைய உதாரணம் சுல்ப சூத்திரங்களில் இருக்கிறது. பருந்து வடிவ வேள்விமேடை முதலில் ஏழரை சதுர புருஷம் (புருஷம், ஆள் உயர அளவு). அடுத்தடுத்த முறைகளில் ஒவ்வொரு சதுர புருஷமாகக் கூட்டி நூற்று ஒன்றரை வரை வளர்க்க வேண்டும். வடிவம் மட்டும் மாறக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக மாற்றினால் நூற்றுக்கணக்கான செங்கற்களில் கணக்கு சிக்கிவிடும். எனவே அளவுகோலையே மாற்றினார்கள். எட்டரைக்குப் போக வேண்டுமா? பழைய கோலின் சதுரத்தைவிட பதினைந்தில் இரண்டு பங்கு பெரிய சதுரத்தை உடைய புதிய கோலை எடுத்துக்கொள்ள வேண்டும்; பிறகு எல்லாம் பழைய எண்களில் கட்டலாம். புதிய கோல் பழையதைப் போல் ஏறக்குறைய 1.065 மடங்கு. வடிவொப்புமையின் உள்ளடக்கம் முழுவதும் இந்தச் செயலில் இருக்கிறது: எண்கள் மாறவில்லை, கோல் மாறியது. அடிக்கோல் வைத்து வரைபடம் போடும் எவரும் இன்றும் இதையே செய்கிறார்கள். மாநகராட்சிக்குப் போகும் 1:100 கட்டட வரைபடத்தில் மீட்டரின் இடத்தில் சென்டிமீட்டர் நிற்கிறது, 3.05க்கு 4.57 மீட்டர் அறை 3.05க்கு 4.57 சென்டிமீட்டராக உட்கார்ந்துவிடுகிறது.

யூக்ளிடின் ஆறாம் நூலில், கணக்கே போடாமல் வடிவொப்புமையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஓர் இணைகரத்தின் மூலைவிட்டத்தின் மேல் அமையும் சிறிய இணைகரங்கள் முழு இணைகரத்தோடு வடிவொத்தவை என்றும், அதன் மறுதலையையும் அவர் நிறுவுகிறார். வகுப்பறையில் இதற்கு இரண்டு அட்டையும் ஒரு நூலும் போதும். சிறிய அட்டையைப் பெரிய அட்டையின் மூலையோடு மூலை சேர்த்து, திசை மாறாமல் வைத்து, அந்த மூலையிலிருந்து பெரியதன் எதிர்மூலைக்கு நூலை இழுக்க வேண்டும். சிறியதன் எதிர்மூலை நூலின் மேல் நின்றால் இரண்டும் ஒரே வடிவம். எந்தப் பாடநூலிலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இது என்பேன். கண்ணுக்குத் தெரிகிறது, வாதிட முடிகிறது, பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளையும் பங்கெடுக்க முடிகிறது.

பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்பதில் ஆராய்ச்சிகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. 10க்கு 15 செவ்வகத்தின் அகலத்தை வடிவம் மாறாமல் 20 ஆக்கினால் நீளம் என்ன என்று கேட்டால், 30 என்று சொல்ல வேண்டிய இடத்தில் பலர் 25 என்பார்கள். நீளம் அகலத்தைவிட 5 கூடுதல், அந்த 5ஐ அவர்கள் காப்பாற்றுகிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் கார்ப்ளஸ் 1970களில் குட்டையர், நெட்டையர் என்ற இரு உருவங்களை வைத்துச் சோதித்தார். குட்டையர் உயரம் 4 பொத்தான் அல்லது 6 காகிதக் கிளிப், நெட்டையர் 6 பொத்தான், கிளிப்பில் எவ்வளவு? 9 என்பதற்குப் பதில் 8 என்ற விடை தொடர்ந்து வந்தது. இங்கிலாந்தில் காத்லீன் ஹார்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு, 1981இல் நூலாக வந்தது. உருவத்தைப் பெரிதாக்கும் கேள்விகளில்தான் இந்தக் கூட்டல் பழக்கம் மிகவும் பிடிவாதமாக இருப்பதை அது காட்டியது.

பிரான்ஸின் கி புரூஸோ ஒருபடி மேலே போனார். துண்டுகளை அடுக்கிச் சதுரமாக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்து, 4 சென்டிமீட்டர் பக்கம் 7 ஆகும்படி எல்லாத் துண்டுகளையும் பெரிதாக்கச் சொன்னார். குழுவில் ஆளுக்கொரு துண்டு. மாணவர்கள் எல்லாப் பக்கத்திலும் 3ஐக் கூட்டினார்கள். சேர்த்துப் பார்த்தால் துண்டுகள் பொருந்தவே இல்லை. ஆசிரியர் தவறு என்று சொல்லத் தேவையில்லாமல் போனது, அட்டையே சொல்லிவிட்டது.

கூட்டும் பிள்ளையை மந்தமானது என்று ஒதுக்குவது பெரும் அநியாயம். அக்காவுக்கும் தம்பிக்கும் 5 வயது வித்தியாசம் என்றால் எந்தக் காலத்திலும் 5தான். வித்தியாசம் நிலையாக இருக்கும் உலகத்தை அந்தப் பிள்ளை நன்றாக அறிந்திருக்கிறது. செவ்வகம் அந்த உலகத்தைச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. அதைக் காட்ட, அதே விதியை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கச் சொல்லலாம். வித்தியாசம் 5 என்றே வைத்தால் 100க்கு 105 ஏறக்குறைய சதுரம். 1க்கு 6 குச்சி. 10க்கு 15 அறையின் வடிவம் இரண்டிலும் இல்லை. நூல் சோதனையும் உடனே காட்டும்: 20க்கு 25இன் மூலைவிட்டம் அகலம் 10ஐத் தொடும் இடத்தில் நீளம் 12½தான், சிறிய அட்டையின் மூலை அதிலிருந்து 2½ அலகு வெளியே நிற்கும்.

இந்த ஆராய்ச்சிக்கு மான்குர்த்திலேயே ஒரு முகவரி இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் தொடங்கப்பட்டு, இங்கே வி. என். புரவ் மார்க்கில் இயங்குகிறது. ஒலிம்பியாட் தேர்வுகளால் ஊருக்குத் தெரிந்த இந்த மையத்தின் கணிதக் கல்வி ஆய்வுகளை இன்னும் பலர் படிக்க வேண்டும். அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும், வீட்டுக்கு வீடு சிறுதொழில் நடக்கும் மும்பைக் குடியிருப்பு ஒன்றின் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம், வேலையிலிருந்து அவர்களுக்கு வந்த கணித அறிவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தையல், ஜரி, தோல்பை என்று பிள்ளைகளைச் சுற்றி அளவுகள் குவிந்து கிடக்கின்றன. அங்குலம், அடி, மீட்டர், அரை, கால், முக்கால் எல்லாம் அவர்கள் வாயில் இயல்பாக வருகின்றன. ஆனால் வேலையில் பாதி அளவு பொருளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஃபர்மா என்னும் வார்ப்பட்டையை வைத்து வெட்டுபவருக்கு அளக்கவே வேண்டாம். அளவைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கும் பிள்ளையும், தீர்மானித்ததை வெட்டும் பிள்ளையும் ஒரே தொழிலிலிருந்து ஒரே கணிதத்தைப் பெறுவதில்லை. 'வேலை செய்யும் பிள்ளைக்குக் கணக்கு தானாக வந்துவிடும்' என்று உருகிப் பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'இவர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று தொடங்கும் ஆசிரியர்களும்தான்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெரெசினா நூனெஸ் கட்டட மேற்பார்வையாளர்களிடம் செய்த ஆய்வு இதற்கு நெருங்கிய துணை. 1:100, 1:50, 1:20 வரைபடங்களோடு பழகிய மேஸ்திரிகளுக்கு, வரைபடத்தில் இவ்வளவு, சுவரில் இவ்வளவு என்று ஒரு சோடியைக் காட்டி இன்னொரு சுவரின் நீளம் கேட்டார். சில படங்கள் அவர்கள் கண்டிராத 1:40, 1:33.3 அளவில் இருந்தன. பலர் புதிய அளவிலும் விடைக்கு வந்தார்கள். சிலர் பழகிய அளவுகளையே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். காகிதச் செவ்வகத்திலிருந்து சுவர்ச் செவ்வகத்துக்குப் போகும் விடுபட்ட பக்கக் கணக்குதான் அது, ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை.

நம் மேஸ்திரிகளின் சோதனை அதற்கும் ஒரு படி முன்னால் தொடங்குகிறது: மனை முதலில் செவ்வகம்தானா? 3-4-5 கயிற்றால் மூலையை மட்டம் பார்த்து, பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளப்பார்கள். சரியான 10க்கு 15 மனையில் இரண்டும் 18 அடிக்கு மேல் கால் அங்குலத்தைத் தாண்டிக் கொஞ்சம். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் மனை சாய்ந்திருக்கிறது. அப்போது விகிதசமம் போடுவதற்கே இடமில்லை.

பரப்பு வந்ததும் இன்னொரு பொறி. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டி பொக், வான் டூரன், வெர்ஷாஃபல் ஆகியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதை: நீளத்துக்குப் பொருந்தும் விகிதசமத்தை மாணவர்கள் பரப்புக்கும் போட்டுவிடுகிறார்கள். பக்கம் இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்கும் என்று நம்புகிறார்கள். மான்குர்த்தில் இதைத் தரைக் கணக்காகவே காட்டலாம். சுவருக்கு வாங்கும் 10க்கு 15 அங்குல டைல், 10க்கு 15 அடி மனையோடு வடிவொத்தது, பெருக்கம் 12. மனையை மூட 12 வரிசை, வரிசைக்கு 12, ஆக 144 டைல். 12க்கு 18 அங்குல டைலும் அதே வடிவம். பெருக்கம் 10, டைல் 100. பெருக்கத்தின் வர்க்கமே டைல் எண்ணிக்கை. எண்ணிப் பார்த்த பிள்ளையால் இதை மறக்கவே முடியாது.

அரசாணைகளும் இதே கணக்கைக் கேட்கின்றன. 1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 225 சதுர அடி கார்ப்பெட் ஏரியா, 2008இல் 269, 2018இல் நடைமுறைக்கு வந்த வளர்ச்சி விதிகளில் 300. 225 சதுர அடி அறை 12½க்கு 18 என்று இருக்கட்டும். வடிவம் மாறாமல் 300 ஆக்க வேண்டும். பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்பதால் பக்கங்களையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 16⅔க்கு 24, பரப்பு 400 ஆகிவிடும். சரியான பெருக்கம் 4/3இன் வர்க்கமூலம், சுமார் 1.155. அகலம் 14.4 அடி, நீளம் 20.8 அடி. காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்கப் பெரிதாக இருக்கும் உயர்வு, கட்டில் போடும் சுவரில் இரண்டே முக்கால் அடியாக வந்து சேர்கிறது. இதை உணரும் திறன் குடிமக்களுக்கு வேண்டும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இனி நான் முதலில் சொன்ன பெரிய பகுதி. மான்குர்த்தின் செவ்வகங்கள் உண்மையில் வடிவொத்து வளர்கின்றனவா? பெரும்பாலும் இல்லை. 10க்கு 15 கோலியின் இரு பக்கமும் அடுத்தவர் சுவர், முன்னால் சந்து. குடும்பம் பெருத்தால் அது மேலேதான் போகும்: முதலில் மாளா, பிறகு மாடி. முகப்புச் செவ்வகத்தின் அகலம் 10ஆகவே நின்று உயரம் மட்டும் கூடுகிறது. வடிவம் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகிறது. மறுவாழ்வுக் கட்டடத்தில் வேறு விதம். பரப்பு 225 என்று விதி கட்டிவிட்டது, பக்கத்தை வரைபடம் போடுபவர் தீர்மானிக்கிறார். 15க்கு 15ம் 225. 12½க்கு 18ம் 225. 10க்கு 22½ம் 225. அகலம் குறையக் குறைய நீளம் கூடும்; பாஸ்கரர் தனியாக வைத்த தலைகீழ் விதி இங்கேதான் பொருந்தும். இந்த மூன்று அறையும் பத்திரத்தில் ஒன்று, வாழ்வதில் மூன்று. 10 அடி அகலத்தில் கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க வழி கொஞ்சம்தான் மிஞ்சும்; ஜன்னல் ஒரு கோடியில் இருந்தால் மறு கோடி இருட்டு.

இதைக் காகிதத்தில் மட்டும் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம் என்பதைப் பைகுல்லாவின் நடைபாதைகளில் வசித்த பெண்கள் அறிந்திருந்தார்கள். 1986இல் உருவான மகிளா மிலன் அமைப்பினர் புடவையை விரித்து அறையின் அளவை உணர்ந்தார்கள்; முழு அளவு மாதிரி வீடுகளை எழுப்பி மற்றவர்களுக்குக் காட்டினார்கள். உயரம் 14 அடி இருந்தால் உள்ளே மாளா போடலாம் என்பது அவர்கள் கண்ட வழி. அவர்களோடு உழைத்த ஜோக்கின் அற்புதம், ஜனதா காலனியிலிருந்து எழுந்த தலைவர். 2000இல் மகசேசே விருது பெற்று 2018இல் மறைந்தவர். அந்தப் பெண்களின் குடும்பங்களில் ஒரு பகுதி பின்னாளில் மான்குர்த் மிலன் நகருக்கே வந்தது. 1:1 மாதிரி என்பது பெருக்கம் ஒன்று உள்ள வடிவொத்த உருவம். 1:100 படத்தைப் படிக்கத் தெரியாதவர் அதற்குள் நின்று பார்த்து, 'இது போதாது' என்று சொல்ல முடிந்தது. பள்ளிக் கணிதத்துக்கு இதைவிடச் சிறந்த பாடப்பொருள் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

வடிவொத்த செவ்வகங்கள் உண்மையாகவே இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றைத் தேடி வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். தேசியக் கொடியின் விகிதம் 3:2. 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு 6300க்கு 4200 மில்லிமீட்டரிலிருந்து 150க்கு 100 வரை ஒன்பது அளவுகளைத் தருகிறது. ஒன்பதும் ஒரே வடிவம்; சீத்தா கேம்ப்பின் மனையும் அதே வடிவம். 35 மில்லிமீட்டர் பிலிமின் சட்டம் 36க்கு 24, அதுவும் 3:2. அதனால்தான் ஸ்டுடியோவில் 4க்கு 6 பிரிண்ட் முழுப் படத்தையும் தருகிறது. 8 அங்குல அகலத்துக்கு 12 வேண்டும். 8க்கு 10 கேட்டால் இரண்டு அங்குலம் வெட்டுப்பட்டு ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவார்.

ஜெராக்ஸ் கடையில் A4ஐ A3 ஆக்க 141 சதவீதம் வைக்கிறார்கள், திருப்ப 71. A வரிசைத் தாள்களின் விகிதம் 2இன் வர்க்கமூலம் என்பதால் பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாது. லீகல் தாள் அந்த வரிசையில் இல்லை. லீகலில் உள்ள போட்டோ பாஸ் (குடிசைவாசிகளின் அடையாள ஆவணம்) பிரதியை A4இல் அடக்க உயரத்தைப் பொருத்தினால், பக்கவாட்டில் மொத்தம் 30 மில்லிமீட்டர் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளை ஏன் வருகிறது என்று ஒரு மாணவியால் விளக்க முடிந்தால் அவளுக்கு இந்தப் பாடம் வந்துவிட்டது.

பாடநூல்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2025இல் வந்த என்சிஇஆர்டி எட்டாம் வகுப்பு 'கணித பிரகாஷ்', விகிதசமச் சிந்தனையை ஒரே படத்தின் வெவ்வேறு அளவுகளை ஒப்பிடுவதில் தொடங்குகிறது. எது ஒத்தது, எது இழுபட்டது என்று முதலில் கண்ணால் கேட்கிறது. மகாராஷ்டிராவின் பால்பாரதி பத்தாம் வகுப்பு வடிவியலின் முதல் அத்தியாயமே வடிவொப்புமைதான். ஆனால் அங்கே முக்கோணம் ஆட்சி செய்கிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு மேல்வகுப்பில் வேறு மொழிக்கு மாறும் பிள்ளைக்கு, தேற்றங்களின் வரிசைக்கு முன் செவ்வகத்தோடு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தால் பெரிய துணையாக இருக்கும்.

தேர்விலும் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். மூன்று சோடிச் செவ்வகங்களைக் கொடுங்கள். முதல் சோடி, ஒரே கொடியின் இரண்டு அளவுகள். இரண்டாவது, 225 சதுர அடியின் இரண்டு அறைகள். மூன்றாவது, ஒரே சந்தின் இரண்டு வீடுகளின் முகப்பு. ஒன்று மாடி எழுப்பியது, எவ்வளவு எழுப்பினார்கள் என்பது கொடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மறைத்து, 'கண்டுபிடி. முடியாது என்றால் ஏன் என்று எழுது' என்று கேளுங்கள். முதலாவதற்கு நேர் விகிதம், இரண்டாவதற்குத் தலைகீழ் விகிதம், மூன்றாவதற்கு 'கணக்கிட முடியாது, அகலம் மாறாமல் உயரம் மட்டும் மாறியிருக்கிறது' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.